தமிழ்ப் பக்கம் பிரெஞ்சு பேசினால் முதலில் எங்கே பார்ப்பது?

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் ஒரு வாரம் இருந்தது. சுங்குடிச் சேலைக் கடைக்காரர் ஒருவர் காலை ஏழு மணிக்கே கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம சைட்டத் தொறந்தா என்னமோ பிரெஞ்சுக்காரன் எழுதுன மாதிரி இருக்கு. எவனாச்சும் உள்ள புகுந்துட்டானா?"

"எழுத்து மேல சாய்வா ஒரு கோடு இருக்காண்ணே? பக்கத்துலயே வட்டத்துக்குள்ள ஆர் இருக்கா?"

"ஆமாய்யா, பக்கம் பூரா அதான்!"

யாரும் புகவில்லை. மூன்று நாளைக்கு முன்னால் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். கடையில் வேலை பார்க்கும் பையன் அன்றைக்கே பார்த்திருக்கிறான். "சர்வர் மாத்துறாங்கள்ல, தானா சரியாயிரும்னு நெனச்சேண்ணே" என்றான். தானாகச் சரியாகாது. ஆனால் பயப்படுகிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. இரண்டு மூன்று மொழியில் ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை புதிதாகத் தலையில் விழுந்தவர்களுக்காக, அந்தக் கடைத் தளத்தையே உதாரணமாக வைத்து இதை எழுதுகிறேன். ஒரு எச்சரிக்கை: கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

சர்வர் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருவது ஓட்டல் சர்வர்தான். அதுவும் நல்லதற்குத்தான், இங்கேயும் கிட்டத்தட்ட அதே வேலைதான் நடக்கிறது. மேசையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்வது பிரவுசர். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவது வெப் சர்வர். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் இரண்டும்தான் பரவலாக இருப்பவை. அடுப்படியில் நின்று பக்கத்தைத் தயார் செய்வது பிஎச்பி மாதிரி ஒரு நிரல். அரிசி பருப்பெல்லாம் இருக்கும் ஸ்டோர் ரூம் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம். எல்லாம் தயாரானதும் சர்வர் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது சும்மா வைப்பதில்லை, "வத்தக்குழம்பு சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைக்கும். அந்த வார்த்தைக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். பக்கத்துக்கு முன்னால் வந்து சேரும் சில வரிகள் அவை. நம் கண்ணில் படாது, பிரவுசர் அதைப் படித்துவிட்டுத்தான் பக்கத்தைத் தொடும்.

பன்மொழித் தளத்தில் வரும் கான்ஃபிகரேஷன் பிழைகள், அதாவது அமைப்புப் பிழைகள், பலவும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ரசம் என்று சொன்ன கதைதான். வாளியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி உலை வைக்க வேண்டியதில்லை. பேரை மாற்றிச் சொன்னது மேசைப் பக்கமா, அடுப்படியா, ஸ்டோர் ரூமா என்று கண்டுபிடித்தால் போதும். அது தெரியாமல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கை வைப்பவர்கள்தான் நிஜமாகவே வாளியைக் கவிழ்க்கிறார்கள்.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா?

'மதுரை' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ம, து, ரை என்று மூன்று விரலை நீட்டும். எல்லா மொழி எழுத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். அதன் கணக்கில் உகரக் குறியும் ஐகாரக் குறியும் தனித்தனி ஆட்கள். சர்வரின் டிஸ்க்கைக் கேட்டால் பதினைந்து என்று சொல்லும். இணையத்தில் இன்று பொதுவாகப் புழங்கும் யுடிஎஃப்-8 முறையில் இந்தக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடத்தைப் பிடிக்கிறது. மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். இந்த மூன்று கணக்கும் ஒன்றோடொன்று இடிக்கிற இடத்தில்தான் தமிழ் உடைகிறது.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஒரு எண். 'ம' என்ற எழுத்து டிஸ்க்கில் 224, 174, 174 என்ற மூன்று எண்களாக உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படி என்று சொன்னால் பிரவுசர் 'ம' என்று காட்டும். ஆனால் "இது மேற்கத்திய எழுத்து" என்று யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால், பிரவுசர் விண்டோஸ்-1252 என்ற பழைய அட்டவணையைப் பிரிக்கும். அதில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. 224க்கு நேரே சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ. 174க்கு நேரே வட்டத்துக்குள் ஆர், பதிவு செய்த வணிகச் சின்னத்துக்குப் போடுவோமே அதே குறி. ஆக ஒரு 'ம', ஒரு கோடு போட்ட ஏ, இரண்டு வட்ட ஆர் என்று மூன்றாகப் பிரிந்து நிற்கும். கடைக்காரர் பிரெஞ்சு என்று நினைத்ததில் தப்பே இல்லை. அந்த ஏ பிரெஞ்சில் நித்தமும் புழங்குகிற எழுத்துதான்.

நாம் அன்றாடம் எழுதும் தமிழ் எதுவாக இருந்தாலும் யுடிஎஃப்-8இல் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. அதனால்தான் உடைந்த தமிழ் எங்கே பார்த்தாலும் ஒரே முகமாக இருக்கிறது. ஃபோனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்தக் கடைத் தளத்தில் சௌராஷ்டிர எழுத்தில் ஒரு பக்கமும் உண்டு. மதுரைச் சுங்குடியும் இங்குள்ள சௌராஷ்டிரக் குடும்பங்களும் பிரிக்க முடியாதவை ஆயிற்றே. அந்த எழுத்து 2008இல் யூனிகோடில் சேர்ந்தது. அதற்கு முதல் பைட் 234, இரண்டாவது 162 அல்லது 163. உடைந்தால் தொப்பி போட்ட சின்ன ஆங்கில ஈ வரும், பக்கத்தில் செண்ட் குறியோ பவுண்டு குறியோ நிற்கும். எந்த மொழி உடைந்திருக்கிறது என்பதைக் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பார்ட்டியில் காட்டுகிற வித்தை மாதிரி இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும்.

முகத்தைப் பார்த்து நோயைச் சொல்வது

எல்லாக் கோளாறும் ஒன்றல்ல. திரையில் என்ன தெரிகிறது என்பதை முதலில் கூர்ந்து பாருங்கள்.

மேலே சொன்ன பிரெஞ்சு வேஷம் என்றால் சந்தோஷப்படலாம். பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கிறவர் தப்பாகப் படிக்கிறார்.

'?????' என்று வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் சங்கடம். அந்த வரி ஸ்டோர் ரூமுக்குள் போகும்போதே தொலைந்துவிட்டது. 'மதுரை' போன இடத்தில் சரியாக ஐந்து கேள்விக்குறி இருக்கும், மூன்றும் அல்ல பதினைந்தும் அல்ல. யூனிகோடு கணக்கில் ஒரு குறிக்கு ஒன்று. அதை எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பேக்கப்பில் இருந்தால் உண்டு.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால், பிரவுசரிடம் யுடிஎஃப்-8 என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வந்த பைட் யுடிஎஃப்-8 கணக்குக்கு ஒத்துவரவில்லை. பெரும்பாலும் யாரோ ஒரு நிரலில் தலைப்பை இத்தனை பைட்டோடு வெட்டு என்று எழுதியிருப்பார்கள். 'மதுரை'யைப் பதினான்காவது பைட்டில் வெட்டினால் ஐகாரக் குறியின் வால் போய், கடைசியில் ஒரு வைரம் முளைக்கும். பிஎச்பியில் பைட்டை எண்ணும் செயல்கூறுகள் தனி, 'எம்பி' என்று தொடங்கி எழுத்துக் குறியை எண்ணுபவை தனி. தமிழுக்கு எப்போதும் இரண்டாவது வகை.

கட்டம் கட்டமாக வந்தால் அது ஃபாண்ட் பிரச்சினை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சர்வரை வீணாகத் திட்டுகிற ஒரு வகையும் உண்டு. அச்சகத்தில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத ஃபாண்டில் அடித்த நோட்டீஸ் மேட்டரை அப்படியே ஒட்டிவிட்டு "சர்வரில் தமிழ் வரமாட்டேங்குது" என்பார்கள். பாமினியில் அடித்த 'மதுரை' உள்ளே ஆங்கிலக் கே, பெரிய ஜே, ஐ, யு என்றுதான் இருக்கிறது. ஃபாண்ட் என்ற முகமூடியைக் கழற்றினால் அதுதான் தெரியும். அதை எழுத்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்ட வேண்டும். சர்வருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மேசைப் பக்கம்: சர்வர் என்ன சொல்லிவிட்டு வைத்தது?

கணினியில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற தாவலுக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். முதல் வரியைச் சொடுக்கினால் ஹெட்டர்கள் தெரியும். அதில் 'கன்டென்ட்-டைப்' என்ற வரியில் 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யுடிஎஃப்-8' என்று இருக்க வேண்டும். சார்செட் என்பது எழுத்தை எந்த அட்டவணைப்படி படிப்பது என்ற குறிப்பு. அந்த இடத்தில் ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கத்திய அட்டவணையின் பெயர் இருந்தால் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

இங்கே பலரும் தடுக்கி விழுவார்கள். "நான்தான் பக்கத்துக்குள்ளேயே மெட்டா வரியில் யுடிஎஃப்-8 என்று போட்டிருக்கேனே!" போட்டிருக்கலாம். ஆனால் வாளியில் ஒட்டிய சீட்டு ஒன்றும் சர்வர் வாயால் சொன்னது ஒன்றுமாக இருந்தால், பிரவுசர் சர்வர் சொன்னதைத்தான் நம்பும். ஹெட்டரில் சார்செட் எதுவும் சொல்லாதபோதுதான் மெட்டா வரியைத் தேடும். அந்த வரியும் பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். மேலே ஏகப்பட்ட ஸ்கிரிப்டைக் கொட்டிவிட்டு அதற்குக் கீழே மெட்டா வரியைத் தள்ளி வைத்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி செய்வது சுலபம். அப்பாச்சியில் 'ஆட்-டிஃபால்ட்-சார்செட்' என்ற அமைப்புக்கு எதிரே யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள். வெறுமனே 'ஆன்' என்று விட்டுவிட்டால் அது ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். இது எத்தனையோ தமிழ்த் தளங்களைக் கவிழ்த்த வார்த்தை. என்ஜின்எக்ஸில் 'சார்செட் யுடிஎஃப்-8' என்று ஒரே வரி.

ஸ்டோர் ரூம்: இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி

சேலைக் கடைத் தளத்தில் ஹெட்டர் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் உள்ளே போக வேண்டியதுதான்.

பழைய சர்வரில் நடந்தது இது. தளத்தைக் கட்டியவர் தரவுத்தள அட்டவணையை லத்தீன்1 என்ற மேற்கத்திய எழுத்து வகையிலேயே விட்டிருந்தார். மைஎஸ்க்யூஎல்லின் 8.0 பதிப்பு 2018இல் வருவதற்கு முன்னால், எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் கிடைக்கும். பிஎச்பிக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவில் இருக்கும் இணைப்பும் லத்தீன்1. ஆனால் உள்ளே அனுப்பியது யுடிஎஃப்-8 தமிழ். தரவுத்தளம் "ஏதோ மேற்கத்திய எழுத்து" என்று நம்பி பைட்டுகளை அப்படியே வாங்கி வைத்தது, கேட்டபோது அப்படியே எடுத்துக் கொடுத்தது. மூட்டையில் அரிசி என்று எழுதிவிட்டு உளுந்தைக் கட்டி வைத்த மாதிரி. எடுப்பவனும் வைப்பவனும் ஒரே ஆளாக இருக்கும்வரை பிரச்சினை வராது. வருஷக் கணக்கில் ஓடியது.

புது சர்வரில் இணைப்பை யுடிஎஃப்8எம்பி4 என்று சரியாக வைத்தார்கள். முழு யுடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்திருக்கும் பெயர் அது. சரியாக வைத்ததால்தான் உடைந்தது. இப்போது தரவுத்தளம் "என்னிடம் லத்தீன்1 இருக்கிறது, இவருக்கு யுடிஎஃப்-8 வேண்டுமாம்" என்று பொறுப்பாக மொழிபெயர்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பைட்டும் ஒரு பிரெஞ்சு எழுத்தானது. அந்த மூன்று நாளில் கடைப் பையன் புதிதாக ஏற்றிய சேலை விவரங்களுக்கு வேறு கதி. யுடிஎஃப்-8 தமிழை லத்தீன்1 அட்டவணைக்குள் வைக்கப் பார்த்தது, அந்த அட்டவணையில் 'ம'வுக்கு இடமே இல்லை, எனவே கேள்விக்குறி. தரவுத்தளத்தின் கண்டிப்பு முறை இயங்கியிருந்தால் சேமிக்க மாட்டேன் என்று பிழையாவது காட்டியிருக்கும். யாரோ அதை அணைத்து வைத்திருந்தார்கள். ஒரே தளத்தில் இரண்டு நோய், காரணம் ஒன்று.

உள்ளே என்ன இருக்கிறது என்று திரையைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். திரையும் ஒரு படிப்பாளிதான், அதுவும் தப்பாகப் படிக்கலாம். தரவுத்தளத்திடம் 'ஹெக்ஸ்' என்ற செயல்கூறு வழியாக பைட்டுகளையே கேளுங்கள். விடை பதினாறடிமான எண்ணில் வரும், அதாவது 0 முதல் 9 வரையும் ஆங்கில ஏ முதல் எஃப் வரையும் கலந்து எழுதும் முறை. 224 அதில் இ0. ஆக 'இ0ஏஇ' அல்லது 'இ0ஏஎஃப்' என்று தொடங்கினால் உள்ளே இருப்பது நல்ல தமிழ். 'சி3ஏ0' என்று தொடங்கினால் ஏற்கெனவே ஒருமுறை தப்பாக மாற்றி, அந்தக் குப்பையையே சேமித்துவிட்டார்கள். '3எஃப்3எஃப்' என்று வந்தால் வெறும் கேள்விக்குறி, அழுவதைத் தவிர வழியில்லை.

எங்களுக்கு 'இ0ஏஇ' வந்தது. செய்தது இதுதான்: முதலில் பேக்கப். பிறகு அதன் நகலில், விவரம் இருக்கும் நெடுவரிசையின் வகையை பிளாப் என்று மாற்றினோம். பிளாப் என்றால் "இது எழுத்தே இல்லை, வெறும் பைட், தொடாதே" என்று பொருள். அடுத்த படியில் அதையே யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் என்று மாற்றினோம். பைட் எதுவும் நகரவில்லை, மூட்டை மேல் எழுதியிருந்த பெயர் மட்டும் அரிசியிலிருந்து உளுந்துக்கு மாறியது. நகலில் பார்த்துவிட்டு அசலில் செய்தோம். இணையத்தில் தேடினால் 'கன்வர்ட் டு கேரக்டர் செட்' என்று ஒரே கட்டளையில் முடிக்கச் சொல்லும் யோசனைகள் நிறையக் கிடைக்கும். இந்த நோய்க்கு அது விஷம். அது நேரடியாக மொழிபெயர்த்து, குப்பையை நிரந்தரமாக்கி, உங்களை 'சி3ஏ0' கூட்டத்தில் சேர்த்துவிடும்.

கேள்விக்குறியான சேலைகளை? பையன் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரங்களைத் தோண்டி எடுத்து மறுபடி தட்டினான். நாற்பது சொச்சம் சேலை.

யுடிஎஃப்8எம்பி4 என்ற பெயரின் வாலைக் கவனித்தீர்களா? மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்று போட்டால் மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் மூன்று பைட் என்பதால் மயிரிழையில் தப்பித்துவிடும், "தமிழ் வருதே" என்று நாமும் விட்டுவிடுவோம். பிறகு ஒருநாள் விவரத்தின் நடுவில் யாராவது ஒரு பூ எமோஜியைப் போடுவார்கள். எமோஜிகளில் பெரும்பாலானவை நான்கு பைட். கண்டிப்பு முறை இல்லாத இடத்தில் அந்தப் பூவோடு மீதி விவரமும் காணாமல் போகும். எமோஜி மட்டுமல்ல, 2019இல் யூனிகோடு 12இல் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நான்கு பைட்தான். முந்திரி, காணி, மா என்று தாத்தா எழுதிய கணக்கைத் தளத்தில் போட ஆசைப்படுகிறவர்கள் வால் உள்ள பெயரையே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணிக்குப் போ, ஆரப்பாளையத்துக்குப் போ

எழுத்து சரியானதும் அடுத்த ஃபோன். "தம்பி, இப்ப சைட்டே தொறக்கலை. ஏதோ ரொம்பத் தடவ திருப்பி விட்டுருச்சுன்னு இங்கிலீஷ்ல வருது."

ஹோஸ்டிங் உதவிக்கு இருந்த ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து, முகப்புக்கு வருபவர்களைத் தமிழ்ப் பிரிவுக்கு அனுப்பும்படி சர்வரில் ஒரு விதி எழுதியிருந்தார். தளத்தின் நிரலிலோ, தமிழ்தான் முதன்மை மொழி, அதற்குத் தனி முகவரி வேண்டாம், தமிழ்ப் பிரிவுக்கு வருபவரை முகப்புக்கே அனுப்பு என்று ஏற்கெனவே ஒரு விதி. மதுரையில் தேனி பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணி நிலையத்தில் போய் நின்றால் "ஆரப்பாளையம் போங்க" என்பார்கள். ஆரப்பாளையத்தில் "மாட்டுத்தாவணி போங்க" என்று சொன்னால் என்ன செய்வது? நாம் இரண்டாவது நடையில் சண்டை பிடிப்போம். குரோம் இருபது நடை நடந்துவிட்டுத்தான் பிழை காட்டும். தீர்வு ஒன்றுதான்: திருப்பி விடும் அதிகாரம் ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும். சர்வரில் வையுங்கள், அல்லது நிரலில் வையுங்கள், இரண்டிலும் வேண்டாம்.

திருப்பி விடுவதில் இரண்டு வகை உண்டு. 301 என்றால் நிரந்தரம், வெளியூர் பஸ்கள் மாட்டுத்தாவணிக்குப் போன மாதிரி, இனி பழைய இடத்தைத் தேட வேண்டாம் என்று பொருள். 302 என்றால் தற்காலிகம், பெரியார் நிலையத்தை இடித்துக் கட்டியபோது பஸ்கள் அங்கங்கே ரோட்டோரம் நின்ற மாதிரி. பிரவுசர் 301ஐ மனப்பாடம் செய்துவிடும். சோதித்துப் பார்க்கும்போது அவசரப்பட்டு 301 போட்டால், நீங்கள் விதியைத் திருத்திய பிறகும் கடைக்காரரின் ஃபோன் பழைய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவர் "இன்னும் சரியாகலை" என்பார், நீங்கள் "எனக்கு வருதே" என்பீர்கள். எல்லாம் நிலைத்து ஒரு வாரம் ஓடிய பிறகு 302ஐ 301 ஆக்கினால் போதும். சோதனையை பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) செய்யுங்கள்.

மொழியைத் தானாகக் கண்டுபிடிப்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: செய்யாதீர்கள். பிரவுசர் ஒவ்வொரு முறையும் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' என்ற ஹெட்டரில் தன் விருப்பத்தைச் சொல்லும், "பரோட்டா இருந்தா பரோட்டா, இல்லன்னா இட்லி" என்பது மாதிரி. ஆனால் நம் ஊரில் ஃபோனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிக்கிறவர்கள் எத்தனை பேர்! ஃபோனின் மொழி வாங்கியபோது கடைக்காரன் வைத்துக் கொடுத்ததாக இருக்கும், படிக்கிறவரின் விருப்பமாக இருக்க வேண்டியதில்லை. கூகுளின் தேடல் ரோபோவும் பொதுவாக இந்த ஹெட்டரை அனுப்புவதில்லை, அதை ஒரே மொழிக்குத் தள்ளிக்கொண்டிருந்தால் மற்ற மொழிப் பக்கங்களை அது பார்க்கவே பார்க்காது.

இதில் கேஷ் வேறு சேர்ந்துகொள்ளும். கேஷ் என்பது முன்கூட்டியே கட்டி வைத்த பார்சல். ஒரே முகவரியில் ஆளுக்கொரு மொழி கொடுத்தால், முதலில் வந்தவருக்குக் கட்டிய தமிழ்ப் பார்சலையே அடுத்து வந்த ஆங்கிலக்காரருக்கும் நீட்டிவிடும். 'வேரி' என்ற ஹெட்டரில் "மொழிக்கு மொழி பார்சல் வேறு" என்று எழுதலாம், ஆனால் பக்கங்களின் நகலை ஊருக்கு ஊர் வைத்துக் கொடுக்கும் சிடிஎன் சேவைகள் பல அதைக் கண்டுகொள்வதில்லை. மொழிக்கு ஒரு தனி முகவரி, பக்கத்தின் மேலே 'தமிழ்', 'இங்கிலீஷ்' என்று கண்ணில் படுகிற பொத்தான். அத்தோடு விடுங்கள்.

முகப்பு வருகிறது, உள்ளே 404

404 என்றால் கேட்டது இங்கே இல்லை என்று சர்வர் சொல்லும் எண். பழைய சர்வர் அப்பாச்சி, புதுசு என்ஜின்எக்ஸ் என்றால் இது பெரும்பாலும் வரும். முகவரிகளை நிரலுக்கு அனுப்பும் விதிகள் அப்பாச்சியில் 'எச்டிஅக்சஸ்' என்ற கோப்பில் இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'ட்ரை-ஃபைல்ஸ்' என்ற வரியில், "கோப்பு இருந்தால் கொடு, இல்லையென்றால் நிரலிடம் கேள்" என்று தனியாக எழுத வேண்டும், மொழிப் பிரிவுகளையும் சேர்த்து.

தமிழ்ப் பெயருள்ள படங்கள் மட்டும் 404 என்றால் இன்னொரு விநோதம். 'கோபுரம்' என்ற படக்கோப்பில் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் குறி, பின்னால் கால் என்று இரண்டாக. பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு கோப்பு. பக்கத்தில் ஒன்றாக எழுதியிருப்பீர்கள், டிஸ்க்கில் இரண்டாக இருக்கும், எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நான் ஒரு முழு மதியத்தை இதில் தொலைத்திருக்கிறேன். அன்றிலிருந்து படங்களுக்கு ஆங்கிலப் பெயர்தான். தமிழ்ப் பற்றைப் பக்கத்துக்குள் காட்டிக்கொள்ளலாம்.

முகவரிகளிலும் அதே கணக்கு வந்து இடிக்கும். முகவரியில் ஒரு பைட்டுக்கு ஒரு சதவீதக் குறி, இரண்டு எழுத்து என்று மூன்று இடம். 'மதுரை' மட்டுமே 45 இடம். வேர்ட்பிரஸ் இப்படி நீட்டிய முகவரியை 200க்குள் வெட்டும், ஆக இடைவெளியைச் சேர்க்காமல் 22 குறிதான் தேறும். "மதுரைச் சுங்குடிச் சேலையைத் துவைப்பது எப்படி" என்ற தலைப்பில் முகவரி சேலையோடு நின்றுவிடும், துவைப்பது வராது.

மொழிக் குறியீட்டை மட்டும் ஓடும்போதே சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு 'டிஏ'. தமிழ்நாடு என்ற நினைப்பில் 'டிஎன்' போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தென்னாப்பிரிக்கப் பக்கம் பேசும் ட்ஸ்வானா மொழி. இதே பக்கம் வேறு மொழியில் எங்கே இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'எச்ரெஃப்லாங்' வரிகளைத் தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தையும், ஆங்கிலப் பக்கம் தமிழையும் சுட்டும்படி இரண்டு பக்கமும் எழுத வேண்டும், ஒருபக்கச் சொந்தம் செல்லாது. சௌராஷ்டிரத்துக்கு இரண்டெழுத்துக் குறியீடு கிடையாது, 'எஸ்ஏஇசட்' என்று மூன்றெழுத்து. பக்கத்தின் மொழிப் பண்பில் அதைப் போடலாம், கூகுளின் எச்ரெஃப்லாங் இரண்டெழுத்து மொழிக் குறியீட்டைத்தான் கேட்கிறது.

அமைப்புக் கோப்பைத் தொட்டால் ஒரு ஒழுங்கு: மாற்றுவதற்கு முன் நகல், மாற்றிய பின் சோதனை, பிறகுதான் மறு ஏற்றம். 'என்ஜின்எக்ஸ் -டி' என்று தட்டினால் கோப்பில் எந்த வரியில் தப்பு என்று சொல்லிவிடும். அப்பாச்சிக்கு 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்'. சோதிக்காமல் அணைத்துப் போட்டால், ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்காக மூன்று மொழியும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். எதுவும் புரியாவிட்டால் சர்வர் தன் பிழைகளை எழுதி வைக்கும் எர்ரர் லாகைத் திறந்து கடைசி வரியைப் படியுங்கள். பழைய விண்டோஸ் நோட்பேடில் திருத்திய கோப்பு என்றால், அது தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட்டை ஒட்டி விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பிஎச்பி "ஹெட்டர்கள் ஏற்கெனவே போய்விட்டன" என்று கத்தும். 2019இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்துதான் நோட்பேட் அதைத் தானாக ஒட்டாமல் விட்டது.

கட்டங்கள்

கடைசியாகச் சௌராஷ்டிரப் பக்கம். பைட் சரி, ஹெட்டர் சரி, தரவுத்தளம் சரி. கடைக்காரர் ஃபோனில் மட்டும் வரிசையாகக் கட்டம். அந்த எழுத்துக்கான ஃபாண்ட் ஃபோனில் இல்லை, அதனால் நாமே சர்வரிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுத்துத்தான் இருந்தார்கள், இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் சௌராஷ்டிரா. ஆனால் ஃபாண்ட் கோப்பு முதன்மைத் தளத்தில், பக்கமோ அதன் துணை டொமைனில். பிரவுசருக்கு இரண்டும் வேறு வேறு வீடு. அடுத்த வீட்டிலிருந்து படத்தை வாங்கிக்கொள்ளும், ஃபாண்டை மட்டும் அனுமதி இல்லாமல் வாங்காது. கொடுக்கிற சர்வர் 'அக்சஸ்-கண்ட்ரோல்-அல்லோ-ஆரிஜின்' என்ற ஹெட்டரில் "இவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று அந்தத் துணை டொமைனின் பெயரைச் சொல்ல வேண்டும். பழைய எச்டிஅக்சஸ் கோப்பில் அந்த வரி இருந்திருக்கிறது, என்ஜின்எக்ஸுக்கு வந்தபோது அதுவும் அதோடு போய்விட்டது. ஒரு வரி சேர்த்துச் சோதித்து மறு ஏற்றம் செய்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"இப்பத் தொறந்து பாருங்கண்ணே. கட்டம் போயிருச்சா?"

"போயிருச்சு தம்பி. சுழிச்சு சுழிச்சு அழகா வந்துருக்கு."

"எழுத்தெல்லாம் சரியா இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வீட்ல பேசுறதுதான்யா. எழுத்து எனக்கெங்க தெரியும்? சாயங்காலம் பெரியப்பா வருவாரு, அவருகிட்டக் காட்டிட்டுச் சொல்றேன்."